எறும்பு அண்டாத முட்டை

இந்தப் பெட்டிய மேல வைக்கச் சொல்லாதீங்க தங்கச்சி. கண்டக்டர் ரெண்டு தரம் சொல்லிட்டான். இனி கலெக்டரே வந்து சொன்னாலும் இது என் மடியை விட்டு இறங்காது. நீங்க உங்க முழங்கையை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கமா வச்சுக்கிடுங்க. ஆமா, அப்படித்தான். மதுரை வரைக்கும் அப்படியே இருந்தீங்கன்னா கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பாரு.

உள்ள என்னன்னுதானே பாக்கீங்க? முட்டை. கோழி போட்டது இல்ல, நான் போட்டது. சிரிங்க, எங்க வீட்டு சாரும் வருஷா வருஷம் இதைச் சொல்லித்தான் சிரிப்பாவ. சீனி முட்டை. ஒரு தேங்கா சைசு இருக்கும், முழுக்க சீனி. முன்பக்கம் ஒரு ஓட்டை வச்சிருக்கேன். ஒத்தைக் கண்ண வச்சு அதுல பாத்தா உள்ள கல்லறை தெரியும், உருண்டு கிடக்க கல்லு தெரியும், பக்கத்துல தேவதூதன் நிப்பான். எல்லாம் சீனிதான். தேவதூதனுக்கு மூக்குகூட வச்சிருக்கேன்.

நீங்க பொட்டு வச்சிருக்கீங்க, அதனால விவரமாச் சொல்லுதேன். நாளைக்கு எங்களுக்கு ஈஸ்டர். இயேசு உயிரோட எழும்புன நாளு. அன்னைக்கு முட்டை குடுக்கது வழக்கம். மத்த சபையில அவிச்ச முட்டைக்குச் சாயத்த பூசிக் குடுத்துட்டுப் போயிருவாவ. எங்க சபையில மட்டுந்தான் இது. விடியக்காலை ஆராதனை முடிஞ்ச உடனே ஐயர் இந்த முட்டையைத் தூக்கிக் காட்டுவாவ. ஐயர்னா உங்க ஐயர் இல்ல, எங்க பாதிரியார், நாங்க அப்படித்தான் சொல்லுவோம். தூக்கிக் காட்டிட்டு, 'இதைச் செய்து கொடுத்தவர்கள் திருமதி தங்கபுஷ்பம் ஆசீர் டீச்சர் அவர்கள்'னு வாசிப்பாவ. பொறவு சின்னச் சுத்தியலால மூணு தட்டு தட்டி உடைப்பாவ. சின்னப் பிள்ளைய வரிசையா வந்து ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கிடும். பத்தொம்பது வருஷமா என் முட்டைதான்.

தங்கபுஷ்பம் நான்தான். பாளையங்கோட்டையில தையல் டீச்சர். பேரு வாசிக்கணும்னு எனக்கு ஒரு ஆசையும் கிடையாது, பாத்துக்கிடுங்க. ஒரு வருஷம் 'ஆசீர் சார் குடும்பத்தார்'னு வாசிச்சுட்டாவ, நான் ஒரு வார்த்தை பேசல. அடுத்த வருஷத்துல இருந்து நானே அழகா ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருவேன். வாசிக்கவிய தப்பா வாசிச்சா அவியளுக்குத்தானே அசிங்கம்? ஈஸ்டருக்கு முந்தி லெந்து நோன்பு நாப்பது நாளும் மத்தவிய கறியை விடுவாவ, மீனை விடுவாவ. நான் பெருமையை விட்டுருவேன். என்னைவிட தாழ்மையான ஆளை எங்க சபையில நீங்க பாக்க முடியாது. வேணும்னா யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

அப்படிப்பட்டவ நாளைக்கு ஈஸ்டரை விட்டுட்டு மதுரைக்கு என்னத்துக்குப் போறேன்னு கேளுங்க. நீங்க கேக்கல, பரவால்ல, நானே சொல்லுதேன். இந்த முட்டை ஜெரூஷா கைக்குப் போய்ச் சேரணும். ஜெரூஷா என் கொழுந்தன் பிள்ளை. அஞ்சு வயசு. அவ இதுல ஒரு துண்டைத் திங்கணும். அதுக்கு அவ அம்மா விடணும். அம்புட்டுதான். அம்மா விடுவாளா மாட்டாளான்னுதான் கயத்தாறுல இருந்து கணக்குப் போட்டுக்கிட்டு வாரேன்.

அவ அம்மா பேரு எப்சிபா. என் கொழுந்தன் கிதியோன் பொண்டாட்டி. எங்க வீட்டு மாடியிலதான் ஆறு வருஷம் இருந்தாவ. எப்சிபா லேப்ல வேலை பாக்கா. ரத்தத்த உறிஞ்சிக் குழாயில ஊத்திப் பாப்பாள்லா, அந்த வேலை. அந்த வேலை பாக்கவளுக்கு எல்லாத்துலயும் கிருமி தெரியும். காப்பி டம்ளரை வாங்கினா முதல்ல வெளிச்சத்துல தூக்கிப் பாப்பா. நான் அதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டது கிடையாது. ஒரு நாலு தடவை சொல்லிக் காமிச்சிருப்பேன், அவ்வளவுதான்.

எனக்குப் பிள்ளை கிடையாது. நீங்க 'அச்சச்சோ'ன்னு சொல்ல வேண்டாம், சொன்னவிய ரொம்பப் பேரு இருக்காவ. ஜெரூஷா பிறந்து ஆஸ்பத்திரியில இருந்து நேரா என் கைக்குத்தான் வந்தா. எப்சிபா வேலைக்குப் போயிட்டா பகல் முழுக்க என் பிள்ளைதான். நடக்கப் படிச்ச பொறவு மாடிப்படியில ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து இறங்கி வருவா. வந்து அடுக்களை வாசல்ல நின்னு உள்ளங்கையை நீட்டுவா. 'பெரியம்மா, சீனி.' ஒரு அரைக் கரண்டி போடுவேன். நக்கிக்கிட்டே மேல ஏறிப் போவா. தினம் நடக்கும் இது. எப்சிபா பல்லு கெட்டுப் போகும்பா. போனா என்ன, பால்பல்லுதானே, முளைக்கும்லா?

அந்தப் பிள்ளை எங்கிட்ட பேசி... சரி, வரிசையாச் சொல்லுதேன். நடுவுல நீங்க இறங்கிர மாட்டீங்கல்லா? மதுரைதானே? நல்லது.

இந்த முட்டை செய்யதுல என்ன கஷ்டம்னு நினைக்கீங்க? சீனியில முட்டை வெள்ளைக்கருவை ஊத்திப் பிசையணும், ஈர மணல் பதத்துக்கு. தகர அச்சுல அமுக்கிக் கவுத்தணும். ரெண்டு பாதி. அந்த அச்சு முன்னால இருந்த ஐயரம்மா, அந்தப் பாதிரியார் வீட்டம்மா, எனக்குக் குடுத்தது. குடுத்ததுன்னா, மாத்தலாகிப் போகும்போது கேக்க மறந்துட்டாவ. லெட்டர்ல ரெண்டு மூணு தடவை கேட்டாவ, அப்ப எனக்குப் பரீட்சை வேலை, பதில் போட முடியல. அது கிடக்கட்டும். ஒரு ராத்திரி காய்ஞ்ச பொறவு ஸ்பூனால உள்ளே சுரண்டிக் குடையணும். ஓடு விரல் மொத்தத்துக்கு நிக்கணும், கொஞ்சம் கூடச் சுரண்டினா பொட்டுன்னு போயிரும். பொறவு ரெண்டு மூணு நாள் காயணும். உள்ள கல்லறையை வச்சு, ரெண்டு பாதியையும் ஐசிங்கால ஒட்டி, ஒட்டுன இடம் தெரியாம சுத்தி ரோஜாப்பூ போடணும். எல்லாம் பழகினா வந்துரும். பழக முடியாதது ஒண்ணே ஒண்ணு. எறும்பு.

ஏப்ரல் மாசம், பாளையங்கோட்டை, அஞ்சு நாள் வெளியில இருக்க சீனி. யோசிச்சுப் பாருங்க. சிவப்பு எறும்பு வரும், அது கடிக்கும். கறுப்பு எறும்பு வரும், கடிக்காது, அதுக்கு ஒரு பேரு உண்டு, வேற சாமி பேரு, நான் சொல்ல மாட்டேன். கட்டெறும்பு தனி. பத்தொம்பது வருஷத்துல நான் பிசாசோட போராடுனதைவிட எறும்போட போராடுனதுதான் ஜாஸ்தி.

போன வருஷம் அதுக சேனை சேனையா வந்துச்சு. மேசை காலுக்கு மஞ்சப்பொடி போட்டேன், தாண்டி வந்துச்சு. சுவர் வழியா வந்துச்சு. லைட்டு வயர்ல இறங்கி வந்துச்சு. பெரிய வெள்ளிக்கிழமை கோயில்ல மூணு மணி நேரம், இயேசு சிலுவையில சொன்ன ஏழு வார்த்தை தியானம், நான் எந்த வார்த்தையையும் கேக்கல, எறும்பையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். திரும்பி வந்து பாத்தா தேவதூதன் தலையில எட்டு எறும்பு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க!

எங்க தெரு முக்குல தாசன் கடை இருக்கு. அவன் கடையில எது இல்லாட்டாலும் எறும்பு சாக்பீஸ் இருக்கும். வருஷம் பூரா வாசல்ல சரமாத் தொங்கும். போய் நாலு பெட்டி வாங்கிட்டு வந்தேன். முதல்ல மேசையைச் சுத்தி ஒரு கோடு போட்டேன். பொறவு தட்டைச் சுத்தி ஒண்ணு. அப்பவும் எனக்கு மனசு கேக்கல. வயர்ல வரதுகளுக்குக் கோடு என்ன செய்யும்? அதனால ஒரு வேலை செஞ்சேன். மிச்சச் சாக்பீஸை பூரிக்கட்டையால நல்லாப் பொடிச்சு, முட்டை இருந்த தட்டு முழுக்கத் தூவிட்டேன். முட்டை மேலயும் லேசா, சும்மா ஒரு தட்டு தட்டுனேன். வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. சீனிப்பொடிக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியல. பாக்கவே அவ்வளவு லட்சணம். மறுநாள் ஒரு எறும்பு இல்ல தங்கச்சி! வந்ததெல்லாம் சுருண்டு கிடந்துச்சு. பல்குச்சியால ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டேன். பத்தொம்பது வருஷத்துல இந்த யோசனை எனக்கு வரலையேன்னு நானே என்னைத் திட்டிக்கிட்டேன்.

ஏன் பெட்டியில இருந்து கையை எடுத்துட்டீங்க? பிடிச்சுக்கிடுங்க, வண்டி குலுக்குது. உங்களுக்கென்ன, முகமே ஒரு மாதிரி ஆயிட்டு. வெயில்தான். ஜன்னலைத் திறங்க. தூசி வந்தாலும் பெட்டிக்குள்ள போகாது, மூணு சுத்து துணி சுத்தியிருக்கேன்.

கோவில்பட்டி வந்துட்டு. கடலைமிட்டாய் வேணுமா? வேண்டாமா? சரி.

ஈஸ்டர் அன்னைக்கு விடியக்காலை நாலரைக்கு ஆராதனை. எப்சிபாவுக்கு வயித்துவலி, படுத்திருக்கேன், பொறவு வரேன்னுட்டா. கீழ என் அடுக்களையில சுக்குத்தண்ணி வச்சுக் குடின்னு சொன்னேன். நான் ஜெரூஷாவைக் குளிப்பாட்டி, வெள்ளைக் கவுன் போட்டு, நான் தைச்சதுதான், கூட்டிக்கிட்டுப் போயிட்டேன். கோயில் நிறைய சனம். அறுநூறு பேரு இருக்கும். ஐயர் முட்டையைத் தட்டோட தூக்கிக் காட்டுனாவ. 'ஆ'ன்னாவ எல்லாரும். என் ஓரகத்தி ஒருத்தி இருக்கா, ஜெபக்கனி, நடு கொழுந்தன் பொண்டாட்டி, அவளே 'ஆ'ன்னா. பேரை வாசிச்சாவ. முழுப் பேரு, டீச்சரோட சேத்து. பொறவு ஐயர் சொல்லுதாவ, 'இந்த வருஷம் முதல் துண்டை நம்ம ஜெரூஷாக்குட்டி வந்து எடுக்கட்டும்.' எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. அவ குடுகுடுன்னு ஓடி முன்னால போய் நின்னு, வீட்டுல நீட்டுத மாதிரியே உள்ளங்கையை நீட்டிக்கிட்டு நிக்கா. பின்னால அம்பது பிள்ளைய வரிசை. என் வாழ்நாள்ல அதைவிட நல்ல நிமிஷம் எனக்கு வந்தது இல்ல. நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஐயர் பிதா பேரால ஒரு தட்டு தட்டுனாவ. குமாரன் பேரால ஒரு தட்டு தட்டுனாவ. அப்ப வந்தா பாருங்க எப்சிபா!

எப்படி வந்தான்னு கேளுங்க. நைட்டியில வந்தா. நைட்டி மேல ஒரு துவாலை. தலை சீவல. கால்ல செருப்பு இல்ல. ஈஸ்டர் அன்னைக்கு, கோயிலுக்குள்ள, நைட்டியில! நடுவழியா ஓடி வாரா, மூச்சு வாங்குது. எல்லாரும் திரும்பிப் பாக்காவ. நேரா மேசைகிட்ட வந்தா, கால் தடுக்குனவ மாதிரி மேசை விரிப்பைப் பிடிச்சு ஒரே இழுப்பு. தட்டு, முட்டை, சுத்தியல் எல்லாம் தரையில. என் தேவதூதன் தலை ஒரு பக்கம், எறக்கை ஒரு பக்கம் தெறிச்சுக் கிடக்கு.

அதோட விட்டாளா? தரையில விழுந்தா என்ன, ஊதிட்டுத் தின்னா ஆகாதா? ஒரு பிள்ளையைக் கிட்ட விடல. ரெண்டு பிள்ளைய குனிஞ்சு எடுத்துட்டு, கையில இருந்து பிடுங்குனா! துவாலையை விரிச்சு, மண்டி போட்டு, பொடிகூட விடாம அள்ளுனா. ஜெரூஷாவையும் அந்த ரெண்டு பிள்ளையையும் இழுத்துக்கிட்டுப் போய் கோயில் குழாய்ல வச்சு சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டா. தட்டை மூணு தடவை கழுவுனா. அள்ளுனதைத் தூரக் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைச்சுட்டு வந்தா. ஒரு மனுஷிக்கு இன்னொரு மனுஷி மேல எவ்வளவு பொறாமை இருந்தா இப்படிச் செய்வா!

திரும்பி வந்து, அதே நைட்டியோட, அறுநூறு பேரு முன்னால நின்னு சொன்னா. 'மன்னிச்சிருங்க. கால் தடுக்கிட்டு. அக்கா அவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்ச முட்டையை நான் உடைச்சிட்டேன். என் தப்புதான்.' நானா சொல்லல, பாத்துக்கிடுங்க. அவ வாயாலயே சொன்னா.

வீட்டுக்கு வந்தோம். எல்லாரும் போன பொறவு என் அடுக்களைக்கு வந்தா. வந்து, குப்பையில கிடந்த சாக்பீஸ் பெட்டியை எடுத்து, மெல்ல, ரொம்ப மெல்லக் கேட்டா. அதுல ஒரு மண்டையோடு படம் போட்டிருக்கும், அதைக் காட்டி, 'அக்கா, இதைப் படிச்சீங்களா'ன்னு கேட்டா.

யாரைப் பாத்து? இருபத்தெட்டு வருஷமா டீச்சரா இருக்கவளைப் பாத்து! டைப்பிங்குல தமிழ், இங்கிலீஷு ரெண்டும் லோயர், ஹையர் பாஸ் பண்ணவளைப் பாத்து, படிச்சியான்னு கேக்கா! நான் சொன்னேன், 'ஏளா, நீ எனக்குப் படிக்கச் சொல்லித் தாரியா?' அவ பெட்டியைக் கொண்டுபோய் வெளியில போட்டா. பொடி ஒட்டியிருந்த பூரிக்கட்டையையும் கேட்டா, நான் குடுக்கல.

நான் அதுக்குப் பொறவும் யார்கிட்டயும் அவளைக் குத்தம் சொல்லல. அது என் சுபாவமே கிடையாது. பெண்கள் சங்கத்துல வாரா வாரம் ஜெப விண்ணப்பம் கேப்பாவ. 'என் கொழுந்தன் பொண்டாட்டி எப்சிபாவோட பொறாமைக் குணம் மாற எல்லாரும் ஜெபிச்சுக்கிடுங்க'ன்னு சொன்னேன். ஜெபம்தானே? அடுத்த வாரமும் சொன்னேன். எட்டு வாரம் சொன்னேன். நாப்பது பேரு கண்ண மூடி ஜெபிச்சாவ. பொறவு பாத்தா, கோயில்ல அவ பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டேங்காவ. பிள்ளைய அவளைப் பாத்து 'முட்டை உடைச்சவ, முட்டை உடைச்சவ'ன்னு சொல்லுதுக. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? ஜெபம் கேக்கப்பட்டிருக்கு, அவ்வளவுதான்.

அவ ஒரு வார்த்தை சொல்லல தங்கச்சி. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஐயரம்மா கூப்பிட்டு விசாரிச்சாவளாம், 'கால் தடுக்கிட்டும்மா'ன்னு சொன்னாளாம். என் ஓரகத்தி ஜெபக்கனி வாயைக் கிண்டிப் பாத்தாளாம், அப்பவும் அதையேதான் சொன்னாளாம். சொல்லியிருக்கலாம்லா? சொல்லிருந்தா நான் இல்லைன்னு சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டா முடிஞ்சு போகும். இவ பேசாம இருந்து பேசாம இருந்து, எனக்கு ராத்திரி படுத்தா அந்த நைட்டியும் வெறுங்காலுந்தான் கண்ணுல வந்து நிக்கும். அவ மேல எனக்கு ஆத்திரம்னா அதுதான் ஆத்திரம்.

என்ன கேட்டீங்க? எங்க வீட்டு சாரா? அவிய ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது கேட்டாவ. 'ஏன் புஷ்பம், எப்சி அன்னைக்குத் தட்டை எதுக்கு மூணு தரம் கழுவுனா?' நான் குழம்புல உப்பு போதுமான்னு கேட்டேன். போதும்னாவ. பொறவு கேக்கல.

சாத்தூர் தாண்டிட்டா? பேச்சுல தெரியல பாருங்க.

அந்த ஈஸ்டருக்கு மறுநாளு ஜெரூஷா வழக்கம்போல படி இறங்கி வந்தா. நான் சீனி டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கேன். அவ கடைசிப் படியிலயே நின்னுட்டா. கையை நீட்டல. முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு, 'அம்மா பெரியம்மாகிட்ட சீனி வாங்க வேண்டாம்னு சொன்னாங்க'ன்னா. நாலு வயசுப் பிள்ளை. அதுக்குச் சொல்லத் தெரியல, அதுக்கே அழுகை வருது. என்னை யாரும் செருப்பால அடிச்சிருந்தாகூட எனக்கு அப்படி வலிச்சிருக்காது. நான் டப்பாவை மூடி வச்சுட்டு, 'சரி போ மக்கா'ன்னேன்.

ஜூன் மாசம் கிதியோன் மதுரைக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டான். பாளையங்கோட்டைத் தண்ணி ஒத்துக்கிடலையாம். தாமிரபரணித் தண்ணி ஒத்துக்கிடாம மதுரைத் தண்ணி ஒத்துக்கிட்ட ஆளு உலகத்துலயே என் கொழுந்தன் ஒருத்தன்தான். மாடி பூட்டிக் கிடக்கு. வாடகைக்கு விடச் சொல்லுதாவ சார். நான் மாட்டேன்னுட்டேன்.

போன மாசம் போன்ல ஜெரூஷா கேட்டா, 'பெரியம்மா, ஈஸ்டருக்கு முட்டை வருமா?' நான் பதில் சொல்லதுக்குள்ள எப்சிபா போனை வாங்கிட்டா. பொறவு 'வாங்கக்கா'ன்னா. அவ்வளவுதான், வச்சுட்டா. ஒரு மாசமா யோசிக்கேன், அது வரச் சொன்னதா, வராதீங்கன்னு சொல்ல மனசு வராம சொன்னதா? உங்களுக்கு என்ன தோணுது? சொல்லுங்க. நீங்களும் சும்மா இருந்தா எப்படி?

ஐயர்கிட்ட இந்த வருஷம் என்னால முட்டை தர முடியாதுன்னுட்டேன். ஜெபக்கனி கடையில சாக்லேட் முட்டை வாங்கி வைக்காளாம். நாளைக்கு அவ பேரைத்தான் வாசிப்பாவ. வாசிக்கட்டும். வாங்கிட்டு வந்ததுக்கு எதுக்கு 'செய்து கொடுத்தவர்கள்'னு வாசிக்கணும்கதுதான் என் கேள்வி. மத்தபடி எனக்கு ஒண்ணும் இல்ல.

இந்த முட்டையைச் செய்ய ஒரு வாரம் லீவு போட்டேன். நாலு சருவத்துல தண்ணி ஊத்தி மேசைக்கு நாலு காலையும் அதுக்குள்ள வச்சேன். வயரைக் கழட்டச் சொல்லிட்டேன், ஒரு வாரம் அந்த ரூம்ல லைட்டு கிடையாது. பகல் முழுக்க விசிறியை வச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருந்தேன், வந்த எறும்பைக் கையால எடுத்தேன். விரலெல்லாம் பாருங்க, எப்படிக் கடிச்சு வச்சிருக்கு! சார் என்னை எறும்புக்கு வாட்ச்மேன்னு கேலி பண்ணுனாவ. தட்டு புதுசு. பூரிக்கட்டை புதுசு. பழசு கொஞ்சம் தேஞ்சிருந்துச்சு, அதான் மாத்துனேன்.

சாக்பீஸா? இல்ல, இந்த வருஷம் போடல. தாசன் கடையில ஸ்டாக் இல்ல.

என்ன அப்படிப் பாக்கீங்க? வருஷம் பூரா வாசல்ல சரமாத் தொங்கும்னு நான்தான் சொன்னேன், இல்லைங்கல. சரம் தொங்குச்சு. ஸ்டாக் இல்ல. நீங்க என்ன தங்கச்சி, வக்கீல் மாதிரி!

திருமங்கலம் வந்துட்டு, இனி அரை மணி நேரந்தான். நீங்க இவ்வளவு தூரம் பெட்டியைப் பாத்துக்கிட்டு வந்தீங்க, இருங்க, உங்களுக்கு ஒண்ணு தாரேன். இந்த டிபன் பாக்ஸ்ல இருக்கு. மிச்சச் சீனியில ஸ்பூனையே அச்சா வச்சுச் செஞ்ச குட்டி முட்டை. பிடிங்க. அதே சீனி, அதே தட்டு. சாப்பிடுங்க.

சாப்பிடுங்க.

கூச்சப்படாதீங்க, இன்னும் ரெண்டு இருக்கு. இனிப்பு ஆகாதா? சுகர் இருக்கா? இல்லையா? பின்ன ஏன் கையிலேயே வச்சுக்கிட்டு இருக்கீங்க? வீட்டுக்குப் போய் சாப்பிடுதீங்களா? ம்.

ம். புரியுது.

குடுங்க அதை. இங்க குடுங்க. இந்தா, பாதியைக் கடிச்சிட்டேன். பாத்தீங்களா? மென்னுட்டேன். முழுங்கிட்டேன். இந்தாங்க வாய், ஒண்ணும் இல்ல. இது எச்சில், இதை நான் வச்சுக்கிடுதேன், நீங்க இன்னொண்ணு எடுங்க. ஆங். அப்படி. நல்லாருக்கா? நல்லாருக்கும்.

நீங்க முன்னப்பின்ன தெரியாத ஆளு. நீங்களே திங்க யோசிச்சீங்க. அவ யோசிக்க மாட்டாளா?

வேகமாப் போறான் பாருங்க, மாட்டுத்தாவணி வந்துரும். அவ கதவைத் திறந்த உடனே நான் ஒண்ணும் பேசப் போறது இல்ல. மன்னிச்சுக்கோன்னு எனக்குச் சொல்லத் தெரியாது, அதுக்கு நான் என்ன தப்பு செஞ்சேன்? பெட்டியை வாசல்லயே வச்சுத் திறப்பேன். ஒரு தட்டு தட்டி உடைச்சு, கண்ணுல படுத முதல் துண்டை எடுத்து, அவ முன்னால நின்னு நான் தின்னுருவேன். முழுங்கினதை அவ பாக்கட்டும். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாத்துக்கிட்டு நிக்கட்டும். பொறவு அவளா ஒரு துண்டை எடுத்துப் பிள்ளை கையில குடுத்தாப் போதும். என் கையால குடுக்கணும்னுகூட இல்ல.

நீங்க இனி முழங்கையை எப்படி வேணும்னாலும் வச்சுக்கிடுங்க தங்கச்சி. எப்படியும் உடைக்கத்தான் போறேன்.